ஹவானாவில் லோஸ் வான் வான்: பாட்டு பாதியில்தான் தொடங்குகிறது

அலுவல் நிமித்தம் கியூபாவின் தலைநகரான ஹவானா செல்லவிருக்கும் உங்களுக்கு லோஸ் வான் வான் என்னும் நடன இசைக் குழுவின் கச்சேரிக்குப் போக வாய்ப்புக் கிடைத்திருப்பதாகவும், ஆடவும் ஸ்பானிய மொழி பேசவும் தெரியாத நிலையில் அங்கே எதைக் கவனித்துக் கேட்பது என்று விளங்கவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். கூடவே, காணொளிகளில் பார்த்த ஒரு விஷயத்தையும் கேட்டிருந்தீர்கள்: பாட்டு நன்றாகவே போய்க்கொண்டிருக்கும்போது எந்த அறிவிப்பும் இல்லாமல் நடுவழியில் கூட்டம் முழுவதும் கையை உயர்த்திக் கூச்சலிடத் தொடங்குகிறதே, அது ஏன்? இந்த இரண்டாவது கேள்வியைப் பிடித்துக்கொண்டால் முதலாவதற்கும் விடை கிடைத்துவிடும் என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன். நீங்கள் நடுவழி என்று நினைக்கும் இடம்தான், அந்தக் கூடத்தில் நிற்பவர்களுக்குப் பாட்டின் தொடக்கம்.

கியூப நடனப் பாட்டு ஒன்றில் இரண்டு பாகங்கள் உண்டு. முதல் பாகத்தில் பாடகர் கதையைச் சொல்வார். வரிகள் எழுதிவைத்தபடி வரும். இரண்டு மூன்று நிமிடங்களில் அது முடிந்துவிடும். அதன்பின் மொந்தூனோ என்னும் இரண்டாம் பாகம் பிறக்கும். இங்கே பியானோ ஒரு சிறிய சுழற்சியை விடாமல் திரும்பத் திரும்ப வாசிக்கும். பாடகர்கள் இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஒரே வரியை மீண்டும் மீண்டும் பாடுவார்கள். அந்த வரிகளுக்கு நடுவே விழும் இடைவெளியை முதன்மைப் பாடகர் அந்த நேரத்தில் தோன்றியதைப் பாடி நிரப்புவார். சேர்ந்து பாடும் அந்த வரிக்குக் கோரோ என்று பெயர். இசைத்தட்டில் ஐந்தாறு நிமிடங்களில் முடியும் பாட்டு, மேடையில் கால் மணி நேரத்துக்கும் மேல் நீள்வதற்கு இந்த மொந்தூனோதான் காரணம். கோரோ அப்படியே நிலைத்திருப்பதில்லை. ஒரு வரியைக் கூட்டம் முழுதாகப் பிடித்துக்கொண்டதும் அடுத்த வரிக்கு மாறுவார்கள். மாறும்போது பெரும்பாலும் வரியைச் சுருக்குவார்கள். எட்டுச் சொல் நான்காகும், நான்கு இரண்டாகும். தாளத்தின் வேகம் கடுகளவும் கூடியிருக்காது; ஆனால் கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே மூச்சு விடும் நேரம் குறைந்துகொண்டே வருவதால் எல்லாம் விரைந்து ஓடுவதாக உடம்புக்குத் தோன்றும். காணொளியில் நீங்கள் கேட்ட கூச்சல் முதல் கோரோ எழும் இடத்தில் வந்திருக்கும், அல்லது நான் பின்னால் சொல்லப்போகும் இன்னோர் இடத்தில் வந்திருக்கும்.

இந்த இரண்டாம் பாகம் முதலிலிருந்தே இவ்வளவு பெரிதாக இருந்ததில்லை. கியூப நடன இசையின் வரலாற்றை, வால் வளர்ந்து உடலை விழுங்கிய கதை என்று சொன்னால் அது மிகையாகாது. 1879ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் மத்தான்சாஸ் நகரில் மிகெல் ஃபாயில்தே அரங்கேற்றிய தான்சோன், கனவான்களும் சீமாட்டிகளும் விசிறியுடன் நின்று நிதானித்து ஆடிய நாகரிகமான இசை. அதன் பகுதிகள் வரிசை மாறாமல் வரும். 1910இல் ஹொசே உர்ஃபே, கிழக்குக் கியூபாவின் நாட்டுப்புறச் சோன் இசையின் துடிப்பை ஒரு தான்சோனின் கடைசிப் பகுதியில் சேர்த்தார். ஆடுவோருக்கு அந்தக் கடைசிப் பகுதி பிடித்துப்போயிற்று. 1938இல் அந்தோனியோ அர்க்கானோவின் குழுவில் இருந்த ஒரெஸ்தெஸ் லோபெஸ் அதே கடைசிப் பகுதியை இன்னும் அவிழ்த்துவிட்டு, அந்தத் தான்சோனுக்கு மம்போ என்று பெயரிட்டார். உலகமறிந்த அந்தச் சொல் நடன இசைக்குள் நுழைந்தது ஒரு பாட்டின் வால் வழியாகத்தான். ஏறக்குறைய அதே காலத்தில், கண்பார்வை இழந்த கலைஞரான அர்செனியோ ரொட்ரிகெஸ், சோன் குழுவில் கோங்கா மேளத்தையும் பியானோவையும் கூடுதல் எக்காளங்களையும் சேர்த்து மொந்தூனோவை நீட்டித்தார். இவர்கள் எல்லோரையும் அந்தத் திசையில் தள்ளியது தரையில் ஆடிக்கொண்டிருந்த கால்கள்.

இதற்கு மிகத் தெளிவான சான்று சாச்சாசா என்னும் நடன இசை. 1950களின் தொடக்கத்தில் ஹவானாவின் நடனக் கூடங்களில் வயலின் வாசித்துக்கொண்டிருந்த என்ரிக்கே ஹொரின், எதிரடிகள் நிறைந்த மெட்டுகளில் சாதாரண மக்கள் கால் தடுமாறுவதைக் கவனித்து, தட்டிலேயே விழும் எளிய மெட்டுகளை எழுதத் தொடங்கினார். ஆடுவோரின் காலணிகள் தரையில் உரசிய மூன்று ஓசைகளே அந்த நடனத்துக்குப் பெயராயின என்று அவரே சொல்லியிருக்கிறார். இசையமைப்பாளர் கீழே பார்த்து எழுதுகிறார். அதைக் கேட்டு ஆடுகிறவர்கள் புதிய ஓர் அடியைக் கண்டுபிடிக்கிறார்கள். அந்த அடியைப் பார்த்து அவர் மீண்டும் எழுதுகிறார். இந்தச் சுற்று இன்றுவரை அறுபடவில்லை.

லோஸ் வான் வான் குழுவைத் தொடங்கிய ஹுவான் ஃபோர்மெல் இந்த வழியில் வந்தவர். எலியோ ரெவேயின் குழுவில் பேஸ் என்னும் தாழ்சுரத் தந்தி வாத்தியத்தை வாசித்துக்கொண்டிருந்த அவர், 1969 டிசம்பர் 4 அன்று சொந்தக் குழுவைத் தொடங்கினார். அப்போது கியூபா முழுவதும் ஒரே பேச்சு: 1970இல் ஒரு கோடி டன் சர்க்கரை உற்பத்தி செய்தே தீருவது. அந்த இலக்கு நிச்சயம் நடக்கும் என்ற பொருளில் ஊரெங்கும் முழங்கிய முழக்கத்தில் இருந்த 'வான்' என்ற சொல்தான் குழுவின் பெயராயிற்று. அறுவடை ஏறக்குறைய 85 லட்சம் டன்னோடு நின்றுவிட்டது. அந்த முழக்கத்தை இன்று நினைவில் வைத்திருப்பது இந்தக் குழுவின் பெயர் மட்டுமே. வயலின்களும் புல்லாங்குழலும் கொண்ட பழைய சராங்கா அமைப்பை வைத்துக்கொண்டே ஃபோர்மெல் அதில் மின்சாரப் பேஸையும் டிரம்ஸையும் சேர்த்தார். 1980களில் டிராம்போன்கள் வந்தன. சாங்கீத்தோ என்ற பட்டப்பெயரால் அறியப்படும் ஹொசே லூயிஸ் கின்தானா டிரம்ஸில் வளர்த்தெடுத்த சோங்கோ என்னும் தாளப்பாணி இந்தக் குழுவின் கையெழுத்து. ஃபோர்மெல் 2014 மே முதல் நாள் காலமானார். அதற்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே டிரம்ஸ் வாசித்துவந்த அவருடைய மகன் சாமுவேல் இப்போது குழுவை நடத்துகிறார். ஆக, நீங்கள் பார்க்கப்போவது அரை நூற்றாண்டைத் தாண்டியும் ஓய்வு கொள்ளாத ஒரு குழுவை. பாட்டியும் பேத்தியும் ஒரே கோரோவைப் பாடுவதை அங்கே பார்த்தால் வியக்க வேண்டாம்.

ஓர் எச்சரிக்கை. 1996இல் ஹவானாவில் பதிவான புயேனா விஸ்தா சோசியல் கிளப் இசைத்தட்டைக் கேட்டுவிட்டு, கியூப இசை என்றாலே தொப்பியணிந்த முதியவர்கள் அந்தி வேளையில் மென்மையாகப் பாடுவது என்று நினைத்துப் போகிறவர்கள் உண்டு. அந்த இசையின் அழகைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால், அந்த இசைத்தட்டு பதிவான அதே ஆண்டில் ஹவானா இளைஞர்கள் கேட்டதும் ஆடியதும் திம்பா என்னும் துடிப்பான புதிய நடன இசையை. 1988இல் ஹொசே லூயிஸ் கோர்தேஸ் தொடங்கிய என்.ஜி. லா பாந்தா அதற்கு வழிவகுத்தது. இந்தத் தலைமுறை இசைக்கலைஞர்களில் மிகப் பலர் தேசியக் கலைப்பள்ளியில் பல ஆண்டுகள் செவ்வியல் இசை பயின்றவர்கள். பகலில் ஜெர்மானியச் செவ்வியல் மேதை பாக்கின் இசையை வாசிக்கத் தெரிந்தவர்கள் இரவில் தெருப்பேச்சுக்கு இசையமைத்தார்கள் என்பதால்தான், ஊதுகருவிகளின் பகுதி இவ்வளவு கடினமாகவும் பாட்டின் சொற்கள் இவ்வளவு கொச்சையாகவும் ஒரே சமயத்தில் இருக்க முடிகிறது. சோவியத் ஒன்றியம் சரிந்தபின் மின்வெட்டும் உணவுத் தட்டுப்பாடும் வாட்டிய 1990களில்தான் இந்த இசை உச்சத்தைத் தொட்டது. 1997இல் சராங்கா ஹபனேரா என்ற குழு ஒரு பெரிய விழா மேடையில் காட்டிய துள்ளலுக்காக ஆறு மாதம் நிகழ்ச்சி நடத்தத் தடைசெய்யப்பட்டது என்பதிலிருந்து, அரசாங்கம் அதை எவ்வளவு உற்றுக் கவனித்தது என்பது புரியும்.

இனி, காதால் பிடித்துக்கொள்ள வேண்டிய விஷயத்துக்கு வருகிறேன். ஒன்றிலிருந்து பதினாறு வரை ஒரே சீராக மனத்துக்குள் எண்ணிக்கொண்டு, 1, 4, 7, 11, 13 ஆகிய எண்களில் மட்டும் கைதட்டிப் பாருங்கள். முதல் பாதியில் மூன்று தட்டு, இரண்டாம் பாதியில் இரண்டு தட்டு. இந்த இசைக்கெல்லாம் அடித்தளமான தாளக்கட்டு இதுதான்; க்ளாவே என்று பெயர். 7ஆம் எண்ணில் விழும் தட்டை 8க்குத் தள்ளினால் ரும்பா க்ளாவே ஆகிவிடும். திம்பா குழுக்கள் பெரும்பாலும் இதையே பின்பற்றுகின்றன. பாட்டைப் பொறுத்து இரண்டு தட்டுப் பாதி முதலிலும் வரலாம். மேடையில் இதை யாரும் தட்டிக் காட்டாமலேயே போகலாம். ஆனால் பியானோவின் சுழற்சி, டிராம்போன்களின் வெட்டு, கோரோ எழும் இடம் என எல்லாமே இந்த ஐந்து தட்டுகளோடு பொருந்தித்தான் அமைந்திருக்கும்.

முதன்முறை நான் கலியானோ தெருவிலுள்ள காசா தெ லா மூசிகா என்னும் இசைக்கூடத்துக்குப் போனபோது இதைப் புத்தகத்தில் படித்திருந்தேன், கையில் வரவில்லை. கூட்டம் கைதட்டத் தொடங்கியதும் உற்சாகத்தில் நானும் 1, 5, 9, 13 என்று சீராகத் தட்டிக்கொண்டிருந்தேன். அதாவது, முதல் தட்டும் கடைசித் தட்டும் மட்டுமே ஊரோடு ஒத்துப்போயின. நடுவில் இருந்த இரண்டும் ஊருக்கு எதிராக விழுந்தன. பக்கத்தில் நின்ற, அறுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மாள் சிறிது நேரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு, ஒன்றும் பேசாமல் என் இரண்டு மணிக்கட்டுகளையும் பிடித்துக்கொண்டு, குழந்தைக்குச் சாய்ந்தாடம்மா சொல்லித்தருவதைப்போல், என் கைகளைக் கொண்டே க்ளாவேயைத் தட்டினார். நான்கைந்து சுற்று முடிந்ததும் விட்டுவிட்டு, மேடையைப் பார்த்து ஆடப் போய்விட்டார். அவர் முகத்தில் கேலி இருக்கவில்லை. சுருதி சேராத தம்பூராவைச் சரிசெய்கிற பொறுப்பு மட்டுமே இருந்தது. கூட்டத்தின் கைதட்டலும் அங்கே வாத்தியங்களுள் ஒன்று, அதில் ஒரு கை தவறினால் பக்கத்தில் ஆடுகிறவருக்கு இடைஞ்சல் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஆகவே, பிடிபடும்வரை கைதட்டாமல் இருப்பதே நல்லது.

அடுத்ததாகப் பேஸைக் கேளுங்கள். மரபான சோன் இசையில் பேஸ், எட்டு எண்ணிக்கை கொண்ட ஒரு சுற்றில் 4இலும் 7இலும் விழும். 7இல் விழுந்த சுரம் அடுத்த சுற்றின் 1ஐத் தாண்டி நீளும். எந்த இடத்தில் கால் ஊன்ற வேண்டும் என்று நாம் எதிர்பார்க்கிறோமோ, அந்த முதல் தட்டில் பேஸ் ஒன்றும் வாசிப்பதில்லை; அடுத்த சுரத்தை அதற்கு முன்பே வாசித்துவிட்டது. படிக்கட்டில் இன்னும் ஒரு படி இருப்பதாக நினைத்துக் காலை வைக்கும்போது உடம்பு தன்னையறியாமல் முன்னால் சாயுமே, அந்தச் சாய்வு ஒவ்வொரு சுற்றிலும் நிகழ்கிறது. இந்த இசையைக் கேட்டு அசையாமல் நிற்பது கடினம் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கத்தை நான் கேட்டதில்லை.

இப்போது, முன்பு ஒத்திவைத்த அந்த இன்னோர் இடம். திம்பாவின் மொந்தூனோ ஒரே கனத்தில் ஓடுவதில்லை. ஊதுகருவிகள் பாய்ந்து முடித்த பிறகு, திடீரென்று பேஸ் தன் வழக்கமான நடையை நிறுத்திவிடும். பியானோ மட்டும் சுழன்றுகொண்டிருக்கும். கோங்காவும் மணியும் தொடரும். தரை இல்லாமல் சுவர்கள் மட்டும் நிற்பதைப்போன்ற ஒரு நிலை. அதன்பின் பேஸ் வாசிப்பவர் தந்தியை அறைந்தும் விரலை வழுக்கியும் உறுமல்போன்ற ஓசைகளை எழுப்பத் தொடங்குவார். இந்தப் பகுதியை இசைக்கலைஞர்கள் பொம்பா என்கிறார்கள். இங்கேதான் கூட்டம் நீங்கள் கண்டபடி கூச்சலிடுகிறது. அதுவரை கைகோத்துச் சுழன்றுகொண்டிருந்த ஜோடிகள் பிரிந்து, முழங்கால்களை மடக்கி, இடுப்பையும் தோளையும் தனித்தனியே உலுக்கி ஆடத் தொடங்குவார்கள். அதற்குத் தெஸ்பெலோத்தே என்று பெயர். பேஸ் மீண்டும் பழைய நடைக்குத் திரும்பியவுடன் ஜோடிகளும் திரும்பிக் கைகோப்பார்கள். நூற்றுக்கணக்கானவர்கள் ஒரே கணத்தில் பிரிவதும் சேர்வதும் ஒத்திகை பார்த்ததுபோல் இருக்கும். யாரும் ஒத்திகை பார்க்கவில்லை. பேஸைக் கேட்கிறார்கள், அவ்வளவுதான்.

எப்போது பொம்பா வர வேண்டும் என்பதையும் முன்கூட்டியே எழுதிவைத்துவிடுவதில்லை. பாடகரையோ குழுத் தலைவரையோ உற்றுப் பாருங்கள். கூட்டத்தைப் பார்த்தபடியே முதுகுக்குப் பின்னால் விரலைக் காட்டுவார், முஷ்டியை மடக்குவார், கையைச் சுழற்றுவார். அடுத்த கோரோ எது, எங்கே நிறுத்துவது, எங்கே பேஸை விடுவிப்பது என்பவை அந்தச் சைகைகளில் போகின்றன. கூட்டம் சூடேறவில்லை என்றால் இன்னும் இரண்டு சுற்றுக் கோரோ பாடிப் பார்ப்பார்கள். நடுவே பாடகர் மரியானாவோ, குவானாபகோவா, சென்ட்ரோ ஹவானா என்று பேட்டை பேட்டையாகப் பெயர் சொல்லி அழைப்பார். அந்தந்தப் பேட்டைக்காரர்கள் கையைத் தூக்கிக் குரல் கொடுப்பார்கள். ஆப்பிரிக்க வழிவந்த தெய்வங்களின் பெயர்கள் வரும்போதும் அப்படியே. இசை கொதிக்கும்போது 'ஆகுவா!' என்று கத்துவார்கள். தண்ணீர் என்று பொருள், தீயை அணைக்க.

கச்சேரி நடக்கும் இடத்தைப் பொறுத்து இரவின் குணமும் மாறும். மிராமாரிலும் கலியானோவிலும் உள்ள காசா தெ லா மூசிகா கூடங்களில் மேசைகளும் குளிர்பதனமும் உண்டு. நுழைவுக் கட்டணம் உள்ளூர் சம்பளக்காரருக்கு எட்டாத உயரத்தில் இருப்பதால் வெளிநாட்டவர் அதிகம். மாறாக, பழைய மதுபான ஆலையொன்றின் தோட்டத்தையொட்டி அமைந்த லா த்ரோபிகால், அதாவது கியூபப் பாடகர் பென்னி மொரேயின் பெயர் தாங்கிய சாலோன் ரொசாதோ, கூரையில்லாத திறந்தவெளி. ஹவானாவின் உழைக்கும் மக்கள் ஆடும் இடம். புதிய பாட்டு தேறுமா என்பதை அங்குள்ள கூட்டம்தான் முடிவு செய்யும் என்பது இசைக்கலைஞர்களிடையே பழைய வழக்கு. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு உங்களுக்கு இருந்தால், தயங்காமல் திறந்தவெளிக்குப் போங்கள். ஒலியமைப்பு சற்றுக் கரகரத்தாலும் பரவாயில்லை. மிகப் பெரிய கூட்டம் வேண்டும் என்றால் 2009 செப்டம்பர் 20 அன்று புரட்சிச் சதுக்கத்தில் கொலம்பியப் பாடகர் ஹுவானெஸ் ஒருங்கிணைத்த அமைதிக் கச்சேரியின் பதிவைப் பாருங்கள். பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் திரண்டதாகச் சொல்லப்பட்ட அந்த நிகழ்ச்சியில் வெள்ளை உடையில் கடலாக நின்ற கூட்டத்தை, லோஸ் வான் வான் கடைசியாக மேடையேறி ஆட்டிவைத்தார்கள்.

நடைமுறை விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அறிவித்த நேரத்தில் கச்சேரி தொடங்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். இரவு பதினொரு மணிக்குக் கதவு திறந்தால், குழு மேடையேற நள்ளிரவைத் தாண்டிவிடுவது வழக்கம், அதுவரை பதிவுசெய்த பாட்டுகள் ஓடும். மாலைக் காட்சிக்கு உள்ளூர் மக்கள் கூடுதலாக வருவார்கள். ரப்பர் அடிப்பாகம் உள்ள காலணி சுழலும்போது தரையைப் பிடித்துக்கொண்டு முழங்காலைப் பதம்பார்க்கும். வழவழப்பான தோல் அடிப்பாகம் நல்லது. ஒரு கைக்குட்டை போதாது, சிறு துண்டு கொண்டுபோங்கள். ஒலிபெருக்கியின் முன்னால் நிற்காமல், கோங்கா வாசிப்பவரின் கைகள் தெரிகிற பக்கமாக, ஒலியமைப்பாளரின் மேசைக்கு அருகில் நின்றால் எல்லா வாத்தியங்களும் பிரிந்து கேட்கும். யாராவது ஆட அழைத்தால் தெரியாது என்று சொல்லி ஒதுங்க வேண்டியதில்லை. ஒரு பாட்டுக்கு இசைந்துவிட்டு நன்றி சொல்லி விலகுவதில் யாருக்கும் வருத்தமில்லை. மொழி தெரியாததும் பெரிய குறையில்லை. கோரோ ஐந்தாறு சொற்கள்தான். மூன்றாவது முறை கேட்கும்போது உங்கள் வாயிலும் வந்துவிடும். அர்த்தத்தை மறுநாள் விடுதியில் காலைச் சிற்றுண்டி பரிமாறுகிறவரிடம் கேளுங்கள். பெரும்பாலும் சிரித்துக்கொண்டே, இரட்டை அர்த்தத்தில் பாதியை மட்டும் சொல்வார்.

கடைசியாக ஒன்று. 'இது நிறைவுப் பாட்டு' என்று மேடையில் அறிவித்தவுடன், வெளியே வாடகை வண்டி கிடைக்காதோ என்று பயந்து கிளம்பிவிடுகிற வெளிநாட்டவரை ஒவ்வொரு முறையும் பார்க்கிறேன். அந்தப் பாட்டின் முதல் பாகம் மூன்று நிமிடத்தில் முடியும். இரண்டாம் பாகத்துக்கு இன்னும் இருபது நிமிடமாவது இருக்கிறது. வண்டிக்காரர்களும் வாசலருகே நின்று அதைத்தான் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.